தட்டிப் பார்த்து விற்றவர்

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் இருந்த சுப்பிரமணியன் இரும்புக்கடையில் யார் போய் மண்வெட்டி கேட்டாலும் கலியமூர்த்தி உடனே எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். காம்பு போடாத வெற்று மண்வெட்டியை அதன் வளையத்தில் சுண்டுவிரலை நுழைத்துத் தொங்கவிடுவார். வலது கையில் ஆறங்குல ஆணி ஒன்று வைத்திருப்பார். அதனால் மேல் விளிம்பில் ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு, வாயோரம் ஒரு தட்டு. பிறகு கண்ணை மூடிக்கொள்வார். ஓசை அடங்கும்வரை வாங்க வந்தவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

"இது பாடுது. எடுத்துக்கிட்டுப் போ."

அல்லது, "இது இருமுது. இது வேணாம் ஒனக்கு."

இருமுகிற மண்வெட்டியை விற்பதில்லை என்று பிடிவாதம். கடைக்காரர் சுப்பிரமணியன் முதலில் சிடுசிடுத்துப் பார்த்தார். கொஞ்ச நாளில் பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் வந்தவர்கள் கடைப் பெயரைக் கேட்காமல் "அந்தத் தட்டிப் பாக்கிறவரு கடை எது?" என்று மார்க்கெட்டில் விசாரித்து வர ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.

கலியமூர்த்திக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. வலது கால் சூம்பிப் போனது. அப்பா மில்லில் தறி ஓட்டினார். மகனையும் மில்லில் சேர்த்துவிடலாம் என்று கூட்டிக்கொண்டு போனபோது வாசலிலேயே காலைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பிரெஞ்சுக்காரன் போன மறுவருஷம் இரும்புக்கடையில் வேலை கிடைத்தது. உட்கார்ந்து செய்யலாம், நடை குறைவு. அன்றிலிருந்து முத்தியால்பேட்டையில் அக்கா செல்வாம்பாள் வீடு, பெரிய மார்க்கெட்டில் கடை, இரண்டுக்கும் நடுவில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா. அதுதான் அவர் ஊர். வயல்வெளிக்கு அவர் போனதே இல்லை.

போகாததால் வந்த பித்தோ என்னவோ, மண்ணைத் தோண்டுகிற சாமான்களின் மேல் அவருக்கு அப்படி ஒரு மயக்கம். மதியம் முதலாளி கண் அயர்ந்திருக்கும் நேரத்தில், புதிதாக வந்திறங்கிய கட்டுகளை வைக்கோல் உருவிப் பிரித்து, மண்வெட்டிகளைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்துவிட்டு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். சம்மட்டி விழுந்த தழும்புகளைப் பார்த்தே எந்தப் பட்டறையில் அடித்தது என்று சொல்வார். வாயோரம் எஃகு சேர்த்து ஒட்டின இடத்தில் மெல்லிய நீலக்கோடு ஒன்று ஓடும். அதை விரலால் தடவிக்கொண்டே போவார். கடப்பாறையின் நுனி நான்கு பட்டையாக இறங்கிக் கூராவதைப் பார்த்து, "எவன் யோசிச்சிருப்பான் இதை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

"ஏம்ப்பா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி ஒக்காந்திருக்கிற?" என்பார் தூக்கம் கலைந்த சுப்பிரமணியன்.

கலியமூர்த்தி சிரிப்பார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

எழுபத்து மூன்றாம் வருஷம் முசே தேவதாஸ் கடைக்கு வந்தது கலியமூர்த்தி அடிக்கடி சொல்லும் கதை. தேவதாஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கி வந்தவர்; அதனால் பிரெஞ்சு மரியாதைப்படி ஊரே 'முசே' என்றுதான் கூப்பிடும். கடற்கரைப் பக்கத்து வீதியில் தோட்டம் வைத்த வீடு. தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "பேஷ் இருக்கா?" என்று கேட்டார்.

"எல்லாம் பேஷாத்தான் இருக்கு முசே. இன்னா வேணும் சொல்லுங்க."

தேவதாஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அது இல்லய்யா. பிரெஞ்சுல தோட்டம் தோண்டற சாமானுக்குப் பேஷ்னு பேரு. எங்கிட்ட இருக்கறது காம்பு ஒடிஞ்சி போச்சி. புதுசு கெடைக்குமான்னு கேட்டேன்."

அப்படி ஒன்றைத் தான் கண்ணால் பார்த்ததே இல்லை என்று கலியமூர்த்தி சொல்ல, மறுநாள் தேவதாஸ் ஒடிந்ததையே கொண்டுவந்து கல்லாப் பெட்டிக்கு அருகில் வைத்தார். ஒரு முழ நீளத்துக்கு நேரான இலை, அதாவது வெட்டுகிற தகடு. மேலே இரும்பே இரண்டு நாக்காக நீண்டு காம்பை முன்னும் பின்னும் கவ்விப் பிடித்திருந்தது. இலையும் நாக்கும் ஒரே துண்டு, எங்கேயும் ஒட்டுப் போடவில்லை. மேல் விளிம்பு விரல் அகலத்துக்கு மடங்கி ஒரு படி போல இருந்தது.

"இது எதுக்கு முசே?"

"கால் வெக்கறதுக்கு." தேவதாஸ் அதைக் கடைத் தரையில் நிறுத்தி, பூட்ஸ் காலை அந்தப் படியில் வைத்து அழுத்துவது போலக் காட்டினார். "அங்கல்லாம் ஓங்கி வெட்டறதில்ல. நின்னுக்கிட்டு, காலால எறக்கறது."

கலியமூர்த்தி ஆணியால் தட்டினார். மாதா கோயிலில் மணி அடித்து ஓய்ந்த பிறகும் காற்றில் ஒன்று மிச்சமிருக்குமே, அப்படி ஒன்று கடைக்குள் நின்றது. தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான். கலியமூர்த்தி அந்த இலையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படியை விரலால் தடவினார். கையால் வெட்டாமல் காலால் தோண்டுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள், அவர்கள் பாதத்துக்கென்று யாரோ ஒரு கொல்லன் இரும்பை மடித்துக் கொடுத்திருக்கிறான் என்பது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்று வீட்டுக்குப் போய்த் தன் வலது காலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்ததாக அக்காவிடம் சொல்லியிருக்கிறார். தச்சரிடம் சொல்லிப் புதுக் காம்பு போட்டு, தானே எண்ணெய் தடவித் திருப்பிக் கொடுத்தார்.

அதற்கு ஒன்பது வருஷம் கழித்து அன்னக்கிளி வந்தாள்.

முப்பத்தைந்து வயதிருக்கும். மண் வேலை செய்கிற கும்பலைச் சேர்ந்தவள். அவள் புருஷன் ராஜாங்கம் மண் வெட்ட, அவள் பாண்டுச் சட்டியில் அள்ளிக் கொட்டுவாள். பதினைந்து வருஷம் இருவரும் அப்படித்தான் பிழைத்தார்கள். வில்லியனூர்ப் பக்கம் ஒரு கிணற்றில் கால் வழுக்கி விழுந்ததில் ராஜாங்கத்துக்கு இடுப்பு முறிந்து எழுந்து நிற்க முடியாமல் போனது. பாண்டு தூக்கினவள் இப்போது வெட்ட இறங்கியிருந்தாள். முத்தியால்பேட்டையில் கடலோரமாகக் குழாய் பதிக்கப் பள்ளம் எடுக்கும் வேலை.

"மம்பட்டி ஒண்ணு வேணும்ணே. எனக்குத்தான்."

ஆணி வாங்க வந்திருந்த ஒருவர், "பாண்டு தூக்குற பொம்பளைக்கு மம்பட்டி எதுக்கும்மா?" என்றார்.

"வெட்டத்தான். வேற எதுக்கு, சாமி கும்புடவா?"

கலியமூர்த்திக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. ஒன்பது மண்வெட்டிகளைத் தட்டிக் கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அவள் தொப்புள் உயரத்துக்குக் காம்பை அளந்து அறுத்து, ஆப்பு அடித்துக் கொடுத்தார். "இந்த வருஷம் வந்ததுல இதுதான் முதல் தரம். சொல்றேன் பாரு, ஒனக்கு அப்பறம் ஒன் பேரப்புள்ள வெட்டுவான்."

இரண்டு வாரத்தில் அவள் திரும்பி வந்தாள். ஒரு கையில் அந்தப் புது மண்வெட்டி. இன்னொரு கையில் கோணியில் சுற்றிய ஏதோ ஒன்று.

"அண்ணே, இது சரியா இல்ல."

இருபத்தைந்து வருஷத்தில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. வாங்கித் தட்டினார். கணீரென்றது. "நீயே கேளு. எங்க கொறைன்னு சொல்லு. எப்டிப் பாடுது பாரு!"

"பாடுதுண்ணே. நல்லாத்தான் பாடுது. நான் பாட்டுக் கேக்கவா வாங்குனேன்?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சுப்பிரமணியனும் சிரித்தார். கலியமூர்த்தியின் முகம் சிறுத்துவிட்டது.

அன்னக்கிளி கோணியைப் பிரித்தாள். உள்ளே ராஜாங்கத்தின் பழைய மண்வெட்டி இருந்தது. தேய்ந்து தேய்ந்து இலை நான்கு விரல்கடை உயரத்துக்கு வந்திருந்தது. இரண்டு மூலைகளும் மழுங்கி உருண்டையாகிவிட்டன. ஆனால் துரு என்பது பொட்டளவும் இல்லை. மண் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. கலியமூர்த்தி ஆணியை எடுத்துத் தட்டினார். டொக்கென்றது, அவ்வளவுதான்.

"இது செத்துப்போன இரும்பும்மா. காயலாங்கடைக்காரன்கூட எடுக்க மாட்டான்."

"இதுலதான் நேத்து வரைக்கும் வெட்டினேன். தேஞ்சி போயிட்டதால மண்ணு கொஞ்சமாத்தான் வருது. அதனாலதான் புதுசு வாங்க வந்தேன். ஒரு தபா நேர்ல வந்து பாருங்கண்ணே. அப்பறம் சொல்லுங்க."

வேறு யாராவது சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டார். வேலை நடக்கும் இடம் அவர் வீட்டிலிருந்து இரண்டே தெரு. மறுநாள் காலை கடைக்குப் போகும் வழியில் ரிக்‌ஷாவை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார்.

ஆள் தோள் ஆழத்துக்கு, இரண்டரை அடி அகலத்தில், தெரு நீளத்துக்கும் பள்ளம் ஓடியது. கலியமூர்த்தி கம்பை ஊன்றி ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தார். முதலில் கண்ணில் பட்டது மண். மேலே ஓட்டுச் சில்லும் கண்ணாடித் துண்டும் கலந்த கறுப்பு மண், அதற்குக் கீழே மஞ்சள் மணல், அடியில் கடல் வாடை அடிக்கிற சாம்பல் நிறக் களி. இத்தனை வருஷம் போய்வந்த தெருவுக்கு அடியில் இத்தனை நிறம் இருந்ததா!

அன்னக்கிளி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பழைய மண்வெட்டியை எடுத்தாள்.

தலைக்கு மேலே ஓங்கி வெட்டுவார்கள் என்றுதான் கலியமூர்த்தி நினைத்திருந்தார். அவள் ஓங்கவே இல்லை. ஓங்க அங்கே இடமும் இல்லை. இடுப்பளவிலிருந்து மண்வெட்டி இறங்கியது, இறங்கிய வேகத்திலேயே தன் பக்கம் இழுத்தாள். சரக். ஒரு துண்டு மண் கழன்று இலையில் உட்கார்ந்தது. மணிக்கட்டை ஒரு சிறு திருப்பு, பாண்டில் விழுந்தது. சரக். அடுத்தது. ஒவ்வொரு துண்டும் ஒரே கனம். பள்ளத்துச் சுவரில் வெட்டு விழுந்த தடங்கள் மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே அளவில் ஏறிப்போயிருந்தன. பக்கத்தில் மற்றவர்கள் வெட்டிய இடம் குதறினது போல இருந்தது.

மணலில் இறங்கும்போது ஒரு சத்தம் வந்தது. களியில் இறங்கும்போது வேறு சத்தம். ஓரிடத்தில் சத்தம் லேசாக மாறியதும் அவள் சட்டென்று நிறுத்திக் குனிந்து கையால் தடவினாள். பழைய சுட்ட மண்குழாய் ஒன்று அங்கே புதைந்திருந்தது. அதற்குக் கீறல் விழவில்லை.

கலியமூர்த்திக்கு மயிர்க்கூச்செறிந்தது. கால் நூற்றாண்டாகத் தான் கேட்டது ஆணிக்கு இரும்பு சொன்ன பதிலை. மண்ணுக்கு இரும்பு சொல்கிற பதிலை இன்றுதான் கேட்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. ரிக்‌ஷாக்காரர் இரண்டு முறை மணி அடித்தார். கலியமூர்த்தி அசையவில்லை.

பிறகு அன்னக்கிளி அவர் விற்ற மண்வெட்டியை எடுத்தாள். வெட்டினாள். காம்பு பின்சுவரில் இடித்தது. இலை மண்ணைக் கடிக்காமல் வழுக்கியது. இழுத்தால் பாதி மண் சரிந்து கொட்டியது.

"ஓங்கிப் போட்டா இது நல்லாக் கடிக்கும்ணே. வயக்காட்டுக்குத் தோதுதான். இங்க ஓங்க முடியாது. இலை இன்னும் கொஞ்சம் உள்ள கவுந்து இருக்கணும். ஒங்களைக் கொறை சொல்லல நானு."

"சொல்லும்மா, சொல்லு," என்றார் கலியமூர்த்தி. "ரெண்டையும் மேல குடு."

இரண்டையும் தரையில் பக்கம் பக்கமாகக் கிடத்தினார். காம்பும் இலையும் சேருகிற கோணம் வேறு வேறாக இருந்தது. பார்த்த பார்வைக்கே தெரிகிற வித்தியாசம். கட்டுக்கம்பி ஒன்றைக் கேட்டு வாங்கி, பழைய மண்வெட்டியின் வளைவுக்குச் சரியாக மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்று கடைக்குப் போகவில்லை. புது மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேரே அரும்பார்த்தபுரத்தில் சாமிக்கண்ணுவின் பட்டறைக்குப் போனார். கடைக்கு வருகிற மண்வெட்டிகளில் பாதி சாமிக்கண்ணு அடித்ததுதான்.

சாமிக்கண்ணு கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பள்ளத்துக்கா? களியா மணலா?"

"ரெண்டும். நடுவுல மணலு, அடியில களி."

"அப்டிச் சொல்லு." உலைக்குள் இலையை வைத்தார். "இருவது வருஷமா எங்கிட்ட சரக்கு எடுக்கற. ஒரு நாளும் எந்த மண்ணுக்குன்னு நீ சொல்லி அனுப்புனதில்ல. பாடணும், பாடணும்னு சொல்லுவ. நானும் பாடுறதாக் குடுத்தேன்."

கலியமூர்த்தி நெருப்பைப் பார்த்தபடி நின்றார். சிவந்து வந்த இலையைச் சாமிக்கண்ணு பட்டடையில் வைத்து நாலே அடியில் உள்பக்கம் கவிழ்த்தார். கம்பியை வைத்துப் பார்த்தார், இன்னும் ஒரு அடி. காம்பை ஒரு சாண் குறைத்தார்கள். மூலை இரண்டையும் கொஞ்சம் அராவி விட்டார்கள்.

மறுநாள் பள்ளத்தில் இறங்கி ஒரே ஒரு வெட்டு வெட்டிப் பார்த்த அன்னக்கிளி, "ம். இப்ப சரி" என்றாள். வேலையைத் தொடங்கிவிட்டாள்.

அதன் பிறகு தினமும் காலையில் கலியமூர்த்தி அங்கே வந்து கால்மணி நேரம் நிற்பது வழக்கமாயிற்று. கூலியாட்களும் பழகிவிட்டார்கள்.

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பெய்து, நான்காம் நாள் வெயில் காய்ந்தது. பள்ளம் அப்போது வைத்திக்குப்பத்துக்குக் கிட்டே போயிருந்தது. அங்கே களி இல்லை, மேலிருந்து கீழ்வரை மணல்தான். காலை ஒன்பது மணி. கலியமூர்த்தி ரிக்‌ஷாவை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார். யாரோ "ஏய்!" என்று கத்தினார்கள். சத்தமே இல்லாமல் இடப்பக்கச் சுவர் அப்படியே உட்கார்ந்தது.

அம்மாவாசை என்ற ஐம்பது வயதுக்காரர் உள்ளே இருந்தார். கழுத்துவரை மணல் மூடிவிட்டது. தலை மட்டும் வெளியே தெரிந்தது. கண்கள் பிதுங்கியிருந்தன. நாலைந்து பேர் கடப்பாறையோடும் மண்வெட்டியோடும் ஓடிவந்தார்கள். அவர்கள் ஓரத்தில் மிதித்ததும் இன்னும் ஒரு கூடை மணல் சரிந்து அவர் தாடையில் ஏறியது.

"யாரும் வராத! பின்னால போ! பின்னால!" அன்னக்கிளி கத்தினாள். பத்தடி தள்ளிப் பள்ளத்துக்குள்ளேயே இருந்த அவள், வலப்பக்கச் சுவரை ஒட்டியபடி அம்மாவாசையை நோக்கி வந்தாள். "அண்ணே, கரையில ஆளு நிக்கக் கூடாது! பலகை வேணும்!"

கலியமூர்த்தி வாழ்நாளில் உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. அன்று தெரு முழுக்க அவர் குரல்தான் கேட்டது. கூட்டத்தைக் கம்பை வீசி விரட்டினார். குப்பத்து ஆட்கள் கரையில் கிடந்த படகுகளிலிருந்து பலகைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். இரண்டைச் சுவருக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தி, இரண்டைப் பள்ளத்தின் ஓரமாகப் போட்டார்கள். கலியமூர்த்தி ஒரு பலகையின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். நிற்கத்தான் அவருக்கு இரண்டு கால் இல்லை. படுத்துக்கொண்டு பாண்டை வாங்கி மாற்ற இரண்டு கை போதும்.

"புதுசு வேணாம்," என்றாள் அன்னக்கிளி. "அந்தப் பழசை எடுத்துக் குடுங்க. மூல மழுங்கினது."

கோணியிலிருந்து உருவிக் கொடுத்தார்கள்.

"தாயி, மாரு அடைக்குது," என்றார் அம்மாவாசை.

"பேசாத சித்தப்பா. மூச்ச முழுசா வுடாத. வுட்டா மண்ணு எறங்கி இறுக்கும். கொஞ்சங் கொஞ்சமா வாங்கு."

அவள் செய்ததை நேரில் பார்த்தவர்கள் பல வருஷம் பேசினார்கள். இடது கையை மணலுக்குள் நுழைத்து அம்மாவாசையின் மார்பின்மேல் விரித்து வைத்துக்கொண்டாள். வலது கையால் மண்வெட்டியை, காம்பு இலையோடு சேருகிற இடத்தில் பிடித்து, தன் புறங்கைவரை வெட்டினாள். தப்பினால் வெட்டு அவள் கையில்தான் விழும். சரக். நான்கு விரல்கடை இலையில் ஒரு கைப்பிடி மணல் வந்தது. கலியமூர்த்தி பாண்டில் வாங்கினார், பின்னால் தள்ளினார். சரக். கை இறங்கியது. இலை இறங்கியது. மார்பு, விலா, வயிறு. ஈர மணலைச் சீவிச் சீவி எடுத்தாள். சட்டைப் பித்தான் ஒன்று தெரிந்தது. இலை அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனது.

ஒரு முழத் தூரத்தில் முகம் வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த கலியமூர்த்திக்குப் பயம் போய்விட்டது. எங்கே இரும்பு முடிகிறது, எங்கே அவள் கை தொடங்குகிறது என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. செத்துப்போன இரும்பு என்று தான் சொன்னது அவர் நெஞ்சில் வந்து நின்றது. தேய்ந்த அந்த ஓரம் சோற்றுக் கரண்டியைப் போல வழவழத்து, மனிதத் தோலுக்கு அருகில் போகும்போதெல்லாம் மெதுவாகி, மணலுக்குள் மறுபடி வேகமெடுத்தது. உலகத்தில் இப்படி ஒரு பொருளை அடித்த கொல்லனும், இப்படித் தேய்த்த கையும், இப்படிப் பிடித்த கையும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதைப் பார்க்கத் தனக்கு வாய்த்ததே என்று அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை.

ஒரு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. முழங்கால்வரை வெளிப்பட்டதும் குப்பத்து ஆட்கள் அக்குளில் கயிறு கொடுத்து அம்மாவாசையை மேலே தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரண்டு விலா எலும்பு விரிசல் விட்டிருந்தது. மண்வெட்டி பட்ட காயம் அவர் உடம்பில் ஒன்றுகூட இல்லை. அன்னக்கிளியின் இடது புறங்கையில்தான் மெல்லியதாக மூன்று கீறல்கள் இருந்தன.

அவளைக் கைத்தாங்கலாக உட்கார வைத்தார்கள். கலியமூர்த்தி மண்வெட்டியை எடுத்துப் போய்த் தெருக்குழாயில் கழுவி, தன் தோள் துண்டாலேயே துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

"துண்டு வீணாப் போவுதுண்ணே," என்றாள் அவள்.

"போவட்டும்."

மதியம் கடைக்குப் போனார். சட்டையெல்லாம் மணல். சுப்பிரமணியன் பதறி என்னவென்று கேட்டதற்கு, நடந்ததை நாலு வார்த்தையில் சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். சற்று நேரத்தில் பாகூரிலிருந்து ஒருவர் மண்வெட்டி கேட்டு வந்தார். கலியமூர்த்தி எழுந்தார். கை பழக்கத்தில் ஆணியைத் தேடிப் போனது. பாதியில் நின்றது.

"எந்த மண்ணு ஒங்குளுது?" என்று கேட்டார்.

வந்தவர் விழித்தார். "வண்டல்தான். ஏன்?"

"வாய்க்கா வெட்டவா, வரப்பு கழிக்கவா? நின்னுக்கிட்டு வெட்டுவீங்களா, குனிஞ்சா? எடக் கையா சோத்துக் கையா? ஒக்காருங்க, சொல்லுங்க."

அந்த மண்வெட்டியை விற்று முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது என்று சுப்பிரமணியன் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கலியமூர்த்தி ராஜாங்கத்தைப் பார்க்கப் போனார். கயிற்றுக் கட்டிலில் கிடந்த ராஜாங்கம் அன்னக்கிளியின் புது மண்வெட்டியை வாங்கி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் இலையைத் தடவினார். வாயோரத்தில் ஒரு இடத்தில் விரல் நின்றது. "இங்க தேய ஆரம்பிச்சிருக்கு பாருங்க. நான் வெட்டினா எடப்பக்கம் தேயும். இது வலப்பக்கம். இது அவ கையி." ஊரில் எங்கெங்கே என்ன மண், எந்த ஆழத்தில் எது மாறும் என்று அவர் படுத்தபடியே சொல்லிக்கொண்டு போனார். காலையில் போன கலியமூர்த்தி சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் இல்லை. பஸ் ஏறிப் போய் எங்கே மண் வெட்டுகிறார்களோ அங்கே நிற்பார். மரக்காணத்து உப்பளத்தில் பாத்தி கட்டுவதைப் பார்த்தார். ஏரிக்கரையில் வரிசையாக நின்று கொத்துவதைப் பார்த்தார். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவரோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டார். திரும்பி வந்து சாமிக்கண்ணுவிடம், "அங்க இன்னா மாதிரி வெச்சிருக்காங்க தெரியுமா?" என்று தொடங்கினால் உலை ஆறும்வரை ஓயாது. செல்வாம்பாளுக்குத்தான் கவலை. "ஒடம்பு கெடக்கற கெடப்புல ஊரு ஊராச் சுத்தறியே," என்பார். அவர் தடுத்துப் பார்த்ததில் பலன் இல்லை.

அம்மாவாசை மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். ஆனால் பள்ளத்தில் இறங்குவதில்லை என்று சொல்லிவிட்டார். அன்னக்கிளி வெட்டுகிற நேர்த்தியைப் பார்த்து மேஸ்திரிமார்கள் தேடி வந்தார்கள். சில வருஷத்தில் அவளே ஆட்களைச் சேர்த்து வேலை எடுக்க ஆரம்பித்தாள். பெண்களை வெட்டப் பழக்கினாள். காலாப்பட்டில் பல்கலைக்கழகத்துக்குக் கட்டடங்கள் எழும்பத் தொடங்கிய காலத்தில் அஸ்திவாரம் எடுக்கும் வேலை ஒன்று அவள் கும்பலுக்குக் கிடைத்தது. அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள். கடைக்கு வந்து, "எல்லாருக்கும் நீங்கதான் பாத்துக் குடுக்கணும்ணே" என்றாள்.

கலியமூர்த்தி இரண்டு முறை காலாப்பட்டுக்குப் போய்ச் செம்மண்ணை உதிர்த்துப் பார்த்தார். பன்னிரண்டு பேரையும் நிற்க வைத்து, குனிய வைத்து, கையை நீட்டச் சொல்லி அளந்தார். சாமிக்கண்ணு பட்டறையில் பத்து நாள் வேலை நடந்தது. எண்பத்தெட்டாம் வருஷம் தை மாதம் ஒரு காலையில் பன்னிரண்டு மண்வெட்டிகளையும் கட்டி மரக்காணம் பஸ்ஸின் மேலே போட்டு எடுத்துப் போனார். ஒரு காம்பைப் போல இன்னொன்று இல்லை. அவரவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அவரவர் கையில் கொடுத்தார்.

வேலை தொடங்கியது. முந்திரி மரத்தடியில் கலியமூர்த்தி உட்கார்ந்துகொண்டார். சுண்ணாம்புக் கோடு போட்ட இடத்தில் பன்னிரண்டு இலைகள் செம்மண்ணில் இறங்கின. முதலில் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒரே மூச்சுக்கு வந்துவிட்டன. மண் சிவப்புச் சிவப்பாகக் கழன்று விழுந்தது. நெட்டையாக ஒருத்தி மட்டும் இரண்டு முறை காம்பை மாற்றிப் பிடித்தாள். கலியமூர்த்தி அதைக் கவனித்து, "ஒனக்கு ரெண்டு விரக்கடை நீளம் போட்டிருக்கணும். அடுத்த வாரம் மாத்தித் தரேன்" என்று இரைந்தார். அவள் சரி என்று கையை ஆட்டிவிட்டு மறுபடி குனிந்தாள்.

"கடையில தேட மாட்டாங்களாண்ணே?" என்று அன்னக்கிளி பள்ளத்திலிருந்து கேட்டாள்.

"தேடட்டும்மா," என்றார் அவர். "நீ வெட்டு."